நெர்ஹாவில் கத்திரிக்காய்

மே 14, செவ்வாய்

ஸ்பெயினின் மாலகாவிலிருந்து பேருந்தில் நெர்ஹா வந்து சேர்ந்தபோது நல்ல பசி. லண்டன் விமானத்தில் வந்த பாதிப் பேர் இங்கேயும் கூடவே இறங்கினார்கள். கடற்கரைத் தெருவில் கடைக்குக் கடை ஆங்கிலப் பலகை: முட்டை, பீன்ஸ், பன்றி இறைச்சி, நாள் முழுக்கக் காலை உணவு. "இதைத் தின்னவா டிக்கெட் போட்டீங்க?" என்றாள் மனைவி. பதில் இல்லை. முட்டைதான் தின்றோம்.

மே 15, புதன்

கடலுக்குள் மூக்கை நீட்டும் பாறை மேல் ஒரு திடல். 'ஐரோப்பாவின் உப்பரிகை' என்று பெயர். 1884 கிறிஸ்துமஸ் இரவில் நிலநடுக்கம் இந்தப் பக்கத்தையே உலுக்கியது. அடுத்த மாதம் பார்வையிட வந்த மன்னர் 12ஆம் அல்ஃபோன்ஸோ வைத்த பெயர் என்கிறார்கள். ராஜா கால் வைத்த ஊரிலெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும். வந்துபோன அதே ஆண்டு நவம்பரில், 28 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, அவர் இறந்துபோனார். இப்போது வெண்கலமாகக் கம்பியில் சாய்ந்து நிற்கிறார். தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி. முன்பெல்லாம் அக்டோபரில் வந்தால் ஏப்ரலில்தான் திரும்புவார்களாம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 180 நாளில் 90 நாள்தான். பெரியவர் சின்ன நோட்டில் நாள் எழுதி வைத்திருந்தார். விசா முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணுவது, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த காலத்தில் எனக்கு அத்துப்படி. அவருக்கு இந்த வயதில் புதிது. பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் வந்தது.

மே 16, வியாழன்

குகை. 1959 ஜனவரியில் வௌவால் பிடிக்கப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே 32 மீட்டர் உயரத்தில் ஒரு சுண்ணாம்புத் தூண். கழுத்து வலித்தது.

மே 17, வெள்ளி

மலை மேல் ஃப்ரிஹிலியானா. வீடெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. இங்குள்ள பழைய ஆலையில் இன்னும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். 'கரும்புத் தேன்' என்பது அவர்கள் வழக்கு. கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர். ஸ்பானியர் சொல்லும் 'அஸூகார்' அரபு வழியே போன சொல். நம் சர்க்கரைக்கும் அதே வேர்தான்.

ஆங்கிலப் பலகை இல்லாத கடையாகப் பார்த்து உட்கார்ந்தோம். மாவில் புரட்டிப் பொரித்த கத்திரிக்காய், மேலே அந்தப் பாகு. பஜ்ஜி மேல் வெல்லப்பாகு ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். "எங்கம்மா பார்த்தா கரண்டியாலயே அடிப்பாங்க" என்றவள், இரண்டாவது தட்டும் சொன்னாள். இந்த நான்கு நாளில் வாயில் வைத்ததிலேயே இதுதான் உருப்படி.

கரையின் கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல் நின்றுவிட்டது. மலைச்சரிவெல்லாம் இப்போது அவகாடோவும் மாமரமும். மாம்பழம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். செப்டம்பரில் வரச் சொன்னார்.