முப்பத்தைந்து நாள் மாதம்

ஐஸ் ஹாக்கியில் என்னை ஈர்ப்பது ஆட்டத்தைவிட அதன் கடிகாரம்தான். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடத்திலும் நொடியைப் பத்தாகப் பிளந்து காட்டுவார்கள். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு கோட்டைக் கடந்தால், எத்தனை அழகான அடியாயினும் கோல் இல்லை.

அந்தக் கணங்களில் சஞ்சய் குமாரின் நினைவு வரும். கொழும்பில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். 1987இல் அவர் பணியாற்றிய நிறுவனத்தைக் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியபோது, அதனோடு சேர்ந்து உள்ளே வந்தவர். 2000இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். அதே ஆண்டு, ஷாங்காயில் பிறந்த நிறுவனர் சார்லஸ் வாங்குடன் சேர்ந்து நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியை வாங்கினார். 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்று, பின் நொடித்துப்போன அணி அது. பனியே விழாத ஊரில் பிறந்தவர் பனிச்சறுக்கு வீரர்களுக்கு முதலாளி! அந்நாளில் அதில் எனக்கு ஒரு அசட்டுப் பெருமிதம் இருந்தது. அவர்கள் கையில் அணி 2002இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிளேஆஃப் சுற்றையும் எட்டிப்பிடித்தது.

அதற்குள் மென்பொருள் நிறுவனத்தின் கணக்குகளை அரசு துருவத் தொடங்கியிருந்தது. காலாண்டு முடிந்த பிறகும் கணக்கை மூடாமல் வைத்திருந்து, அடுத்த மாதத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முந்தைய மாதத்துத் தேதியிட்டிருந்தார்கள். அதற்கு வைத்த பெயர், முப்பத்தைந்து நாள் மாதம். இப்படி முன்கூட்டியே வரவு வைத்த தொகை 220 கோடி டாலர். 2004இல் குமார் பதவி விலகினார். அணியிலிருந்த பங்கும் கைமாறியது. 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 12 ஆண்டுச் சிறை.

என்னைத் தொந்தரவு செய்வது தொகையல்ல. வாடிக்கையாளர்கள் நிஜம், மென்பொருள் நிஜம், கையெழுத்தும் நிஜம். தேதி மட்டுமே பொய். பங்குச் சந்தைக்குக் காட்டிய கணக்கு அந்தத் தேதியின் மேல்தான் நின்றது.

இதை எழுதும் எனக்கு அவரைத் தீர்ப்பிடும் தகுதி கிடையாது. கணக்கெழுதப் பழகிய முதல் வருடம், ஓர் ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, மேலாளர் நீட்டிய பில் புத்தகத்தில் மார்ச் 31 என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் என்னிடம் கொடுத்தார். சரக்கு போய்ச் சேர்ந்தது. பணமும் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.