பொப் டோலுக்குக் கிடைக்காத ஐந்து வாக்குகள்

அமெரிக்கப் பழைமைவாதிகள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது பத்திரிகையாளராகிய எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவ்வாறு எழுத முற்படும்போதெல்லாம் எனக்குப் பொப் டோல் நினைவுக்கு வருவார்.

கோதுமை விளையும் கன்சாஸ் மாநிலத்தின் ரசல் என்னும் சிற்றூரில் 1923 இல் பிறந்தவர். 1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்து வலது கையின் பயனை இழந்தார். எவரும் அக்கையைப் பற்றிக் குலுக்காதிருக்க அதில் எப்போதும் ஒரு பேனாவை வைத்திருப்பார்.

முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியை 1965 இல் எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர் அவர். ஆயினும் 1969 இல் செனட் சபையில் அவர் ஆற்றிய கன்னியுரை, தாம் காயமுற்ற அதே ஏப்ரல் 14 இல், மாற்றுத்திறனாளிகளைப் பற்றியதாக அமைந்தது. 1990 இல் அவர்களுக்கான உரிமைச் சட்டம் நிறைவேறியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. சமவாயம் 2012 டிசெம்பர் 4 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. 89 வயதான டோல், ஆதரவு நாடிச் சக்கர நாற்காலியில் சபைக்கு வந்தார். உறுப்பினர்கள் அருகே வந்து அன்போடு வணங்கினர், பின்னர் வாக்களித்தனர். ஆதரவு 61, எதிர்ப்பு 38. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு ஐந்து வாக்குகள் குறைந்தன. நாட்டின் இறைமைக்குப் பங்கம் வரும் என்றுரைத்து எதிர்த்த 38 பேரும் அவரது கட்சியினரே. கன்சாஸின் இரு செனட்டர்களும் அவர்களுள் அடங்குவர்.

2021 டிசெம்பரில் டோல் மறைந்தபோது, அரிதாகவே வழங்கப்படும் மரியாதையாக அவரது உடல் நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. இரு கட்சியினரும் புகழ்ந்தனர். உயிரோடிருக்கையில் அவர் நாடி வந்த அந்த ஐந்து வாக்குகள் மாத்திரம் இறுதிவரை கிடைக்கவேயில்லை.