பகூர்: ஓர் ஊர்ப்பெயரின் சுமை

மும்பையிலிருந்து கசாரா மலைவழியேறிச் செல்லும் ரயில், நாசிக் ரோடுக்குச் சற்று முன்பாகத் தேவ்ளாலி நிலையத்தைத் தொடும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது பகூர் என்ற சிற்றூர். வேளாண் சொற்களைச் சேகரிக்கச் சென்ற குளிர்காலத்தில் அங்கே போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: “வாடா பார்க்க வந்தீர்களா?” முற்றம் வைத்த பழைய வீட்டுக்கு மராத்தியில் வாடா என்று பெயர், தமிழ்க் காது ஒரு கணம் திடுக்கிடும். அவர்கள் குறிப்பிட்டது, 1883 மே 28 அன்று விநாயக் தாமோதர் சாவர்க்கர் பிறந்த வீட்டை.

அந்தமான் சிறையில் பத்தாண்டுகள் கழித்த புரட்சியாளர் என்று அவரைப் போற்றுவோர் உண்டு. அங்கிருந்து அவர் எழுதிய கருணை மனுக்களையும், இந்துத்துவக் கோட்பாட்டையும், 1949இல் விடுதலை பெற்றாரெனினும் காந்தி கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு நின்றதையும் முன்வைத்து எதிர்ப்போரும் உண்டு. இந்த விவாதத்துக்குரிய நிகழ்வுகள் நாசிக், லண்டன், அந்தமான், ரத்னகிரி, தாதர் ஆகிய இடங்களில் நடந்தவை. பகூரைவிட்டு அவர் பள்ளிப் பருவத்திலேயே நீங்கிவிட்டார். ஆயினும் போற்றுவோரும் தூற்றுவோரும் பகூரை அவர் பெயர் கொண்டே அறிகிறார்கள்.

மொழியியல் மாணவிக்கு இதில் ஒரு முரண் தெரிகிறது. சாவர்க்கர் மராத்தியில் மொழித்தூய்மை இயக்கம் நடத்தியவர். நம் தனித்தமிழ் இயக்கம் வடசொற்களை நீக்க முனைந்தது. அவரோ பாரசீக, அரபு, ஆங்கிலச் சொற்களை நீக்கி, பெரும்பாலும் வடசொற்களையே அவற்றின் இடத்தில் வைத்தார். மேயரைக் குறிக்கும் ‘மகாபௌர்’, திரைப்பட இயக்குநரைக் குறிக்கும் ‘திக்தர்ஷக்’, உயிரீந்தோரைக் குறிக்கும் ‘ஹுதாத்மா’ முதலியன அவர் தந்தவை என்பது மராத்தியில் பரவலான வழக்கு. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் இறந்தோர் நினைவாக மும்பையின் ஃபுளோரா நீரூற்றுச் சதுக்கம் ஹுதாத்மா சௌக் ஆயிற்று. அப்போராட்டத்தின் முன்னணியில் டாங்கே போன்ற கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். இன்று அவர் அரசியலை வெறுப்பவரும் அச்சொல்லைத் தயக்கமின்றி உச்சரிக்கிறார். அவர் ஆக்கிய சொற்கள் அவரிடமிருந்து விடுபட்டுவிட்டன. அவர் ஆக்காத ஊரோ விடுபடவில்லை.

பக்கத்து ஊரின் கதை வேறு. தேவ்ளாலி முகாமில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் மனம் பேதலித்தனர் என்ற பேச்சிலிருந்து, ‘டூலாலி’ என்ற சொல் ஆங்கிலத்தில் பித்துப்பிடித்தவரைக் குறிக்கலாயிற்று. லண்டனில் அதைச் சொல்பவர் பலருக்கு அப்படியோர் ஊர் இருப்பதே தெரியாது. தேவ்ளாலியின் பெயர் ஊரைத் துறந்து வெளியேறியது. பகூரின் பெயருக்குள் ஒரு மனிதர் குடியேறிவிட்டார்.

இது எனக்கு வெறும் பெயராய்வுச் சிக்கல் அன்று. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கருத்தரங்குகளில் ஊரைச் சொன்னதும், ஆய்வுத் தலைப்பைக் கேட்காமல் வீட்டின் அளவைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இரக்கத்தோடு கேட்பவரும் இளக்காரத்தோடு கேட்பவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: ஊர்ப்பெயரை விடையாகக் கொள்கிறார்கள்.

ஆய்வேட்டின் களஅறிமுகத்தில் சாவர்க்கர் பெயர் வேண்டுமா என்பதில் எனக்கும் நெறியாளருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது என்றார் அவர். அதை நானும் ஏற்கிறேன். ஆகவே பெயர் இருக்கும், ஆனால் முதல் வாக்கியத்தில் இராது. வெங்காயத்தைத் தரம்பிரித்தபடியே எனக்கு அரை நாள் சொல் சொல்லித்தந்த பெண்கள் முதலில் வருவார்கள். களஆய்வில் இத்தகைய ஊர்களை எதிர்கொண்ட நண்பர்கள், எந்த வரிசையில் எழுதினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.