யாரிடம் பயின்றீர்கள்?

எங்கள் மூத்த மகனும் மருமகளும் ஓசூரில் பணிபுரிவதால், அவர்களுடைய மகள் திருவண்ணாமலையில் எங்களோடு வளர்ந்துவருகிறாள். வயது ஒன்பது. சென்ற ஆண்டுப் பங்குத் திருவிழாவின் கலை நிகழ்ச்சிகள் முடிந்து வீடு திரும்பும் வழியில், "தாத்தா, நானும் நாட்டியம் கத்துக்கணும்" என்றாள். ஆசிரியப் பணியில் ஆளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள் நாங்கள் இருவரும். ஆயினும் அவளை வகுப்பில் சேர்க்குமுன் நாங்கள் விசாரித்தவை மூன்றே செய்திகள்தாம்: மாதக் கட்டணம் எவ்வளவு, வகுப்பு எந்த நேரம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்.

மூன்றாம் மாதமே குழந்தையை மேடையேற்றிவிட்டார்கள். நாங்களும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினோம். ஆறாம் மாதம் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அரைமண்டியில் அமரும்போது தொடை இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்பவேண்டும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடியவேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை முன்னோக்கி மடக்கினால் பாரமெல்லாம் மூட்டின்மேல் விழும். இதை எங்களுக்கு விளக்கியவர் மருத்துவர். விளக்கியிருக்கவேண்டியவரோ வேறொருவர். "நீங்கள் யாரிடம் பயின்றீர்கள், அம்மா?" என்று அந்தப் பயிற்றுநரிடம் அதன்பிறகே கேட்டோம். "பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் போதும், ஐயா" என்று பதில் வந்தது. அவரைக் குறைகூற எங்களுக்கு வாயில்லை. முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

அந்த வாரத்தில்தான் இலண்டனிலிருக்கும் இளைய மகன், தன் குழந்தையைச் சேர்த்திருக்கும் பாலே பள்ளியின் கையேடு ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் கட்டணம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கங்கள் முழுவதும் ஆசிரியர்களைப் பற்றியே. இவர் எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு பயின்றார், எந்தக் குழுவில் ஆடினார், 1920இல் தொடங்கப்பட்ட இராயல் அகாதெமி ஆஃப் டான்ஸ் நிறுவனத்தின் எந்தத் தேர்வில் தேறினார் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரர்களின் விளம்பரப் புத்தி என்று முதலில் நகைத்தோம். இரண்டாம் முறை படித்தபோது நகைப்பு வரவில்லை. நம்மவர் குரு பரம்பரை என்று சொல்வதைத்தான் அவர்கள் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

பாலேயும் அப்படிக் கைமாறி வந்த கலைதான். அன்னா பாவ்லோவா என்ற பேரை நம் மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். துணி வெளுத்துப் பிழைத்த ஓர் ஏழைத் தாயின் மகள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரச பாலே பள்ளி முதலில் அவரை ஏற்கவில்லை. பத்தாம் வயதில், 1891இல்தான் சேர்த்துக்கொண்டது. அங்கே அவருக்குக் கற்பித்தவர்களுள் கிறிஸ்டியன் யோஹான்சன் சுவீடன் நாட்டவர். டென்மார்க்கின் பூர்னோன்வீலிடம் பயின்றவர். அந்நாளில் ஆடல்களை அமைத்துவந்த பெத்திபா பிரெஞ்சுக்காரர். பாவ்லோவாவைப் பின்னாளில் செம்மைப்படுத்திய செக்கெட்டி இத்தாலியர். உருசியாவின் பெருமை என்று உலகம் போற்றிய அந்தக் கால்களில் நான்கு நாட்டு ஆசிரியர்களின் உழைப்பு இருந்தது.

இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு கப்பலேறி வந்தது. 1920களின் இறுதியில் பாவ்லோவாவின் குழு ஆஸ்திரேலியாவுக்குப் பயணப்பட்டபோது, அதே கப்பலில் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் சென்றார்கள். 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்தி என்பவரிடம் பாலே கற்கத் தொடங்கினார். தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாட்டியப் பள்ளியைப் பின்னாளில் நிறுவியவருக்கு முதல் ஆடற்பயிற்சி பாலேதான் என்பது எங்களுக்கே வியப்பான செய்தி. உன் நாட்டின் கலையை நீ தேடிப் பார் என்ற கருத்தில் அவருக்கு அறிவுரை கூறியவரும் பாவ்லோவாவே.

தேடிப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த வாசல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று மயிலாப்பூர் கௌரி அம்மாளின் வாசல். கபாலீசுவரர் கோயில் தேவதாசி மரபின் கடைசித் தலைமுறையில் வந்தவர் அவர். பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்பித்தவர். மற்றொன்று பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாசல். தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான அந்த நட்டுவனார், பிராமணக் குலத்துப் பெண்ணுக்கு, அதிலும் முப்பது வயதை எட்டிய ஒருவருக்கு, கற்பிக்க முதலில் தயங்கினார். 1935இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். எதிர்ப்பும் வியப்பும் ஒருங்கே எழுந்தன. மறு ஆண்டு ஜனவரியில் கலாக்ஷேத்ரா பிறந்தது.

அப்பள்ளியின் பெருமை கட்டடத்தில் இல்லை. ஆலமரத்தடியில் தொடங்கியதுதானே அது. அங்கு வந்து சேர்ந்த ஆசிரியர்களைச் சொல்லவேண்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் அடவுகளைக் கற்பித்தார்கள். இசைக்கு டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார். வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். கேரளத்திலிருந்து கதகளி ஆசான்களான அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தார்கள். சந்து பணிக்கர் 1953இல் தம்மோடு அழைத்துவந்த சிறுவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற தனஞ்சயன். 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை விலகிச் சென்றபோது, ருக்மிணி தேவியே தாளமேந்தி நட்டுவாங்கம் செய்தார். நட்டுவனார் குலத்துக்கு வெளியே ஒருவர், அதுவும் ஒரு பெண், அவ்வாறு அமர்வது அக்காலத்தில் சிறு செய்தி அன்று.

இங்கே எங்கள் மனம் சற்று நின்றுவிடுகிறது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியார் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல; பெண்ணின் மானத்தை மதிக்கும் எவரும் அச்சட்டத்தைத் தவறென்று கூறமாட்டார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டியம் நல்ல குடும்பங்களின் கூடத்துக்கு வந்தது. அதைக் காத்துவைத்திருந்த பெண்களோ திரைக்குப் பின்னால் போனார்கள். கௌரி அம்மாளின் மாணவியர் பேரை நாடறியும். கௌரி அம்மாளை எத்தனை பேர் அறிவர்?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 217 அடி உயர இராசகோபுர வாயிலின் உட்சுவர்களில், நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்களை ஆடற்பெண்களின் சிறு சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேவரடியாரைப் பற்றிக் கோயில் கல்வெட்டுகளும் பேசுகின்றன. 1960களில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, தேரடி வீதியை ஒட்டிய சந்தொன்றில் ஒரு முதியவர் தனியே வசித்துவந்தார். மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டபடி, வாய்க்குள் சொற்கட்டு சொல்லிக்கொண்டிருப்பார். "தெய் யா தெய்" என்பது மட்டும் எங்கள் காதில் விழும். அந்தப் பக்கம் பார்க்காதே என்று அன்னையர் எங்கள் கையைப் பிடித்து இழுத்துச் செல்வார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் வழி அது. நாங்களும் பாராமலேயே போனோம், வந்தோம். ஆண்டுகள் பல கழிந்து ஆசிரியர்களாகி ஊர் திரும்பியபோது அத்திண்ணை இடிந்துகிடந்தது.

நாட்டியத்தை நம் திருச்சபையும் நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே தயக்கம் குறைந்தது. 1977இல் திருச்சியில் ஜார்ஜ் அடிகளார் கலைக் காவிரியைத் தொடங்கினார். இறைவார்த்தை சபையின் குருவாக இருந்த பிரான்சிஸ் பர்போசா பரோடா பல்கலைக்கழகத்தில் பரதம் பயின்று, தந்தை, மகன், தூய ஆவி ஆகியோரைக் குறிக்கும் முத்திரைகளையும் வகுத்தார். அவருடைய ஆசிரியர் சி. வி. சந்திரசேகர், சிறுவயது முதல் கலாக்ஷேத்ராவில் பயின்றவர், 2024இல் மறைந்தார். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் அடையாறு வரும், பந்தநல்லூர் வரும், மயிலாப்பூரில் ஒரு தேவதாசியின் வீடும் வரும். இயேசுவின் பாடுகள் நம் மேடையில் ஆடப்படும்போது, அந்த வீட்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். விழா மலர்களின் நன்றியுரைகளில் ஒலி, ஒளி அமைத்தவர்கள் வரை பேர் வருகிறது. இந்தப் பேர் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

முழங்கால் தேறிய பிறகு பேத்தியை வேறோர் ஆசிரியையிடம் அழைத்துச் சென்றோம். இளவயதினர், மாடியறையில் பதினொரு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். இம்முறை கட்டணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, கேட்கவேண்டியதை முதலில் கேட்டோம். அவர் எழுந்து நின்று தம் ஆசிரியை பேரைச் சொன்னார். பிறகு அந்த ஆசிரியைக்குக் கற்பித்தவர் பேர், அவருக்குக் கற்பித்தவர் பேர். அதற்கு மேல் தமக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். "ஆறு மாதத்துக்குத் தட்டடவும் நாட்டடவும் மட்டும்தான், ஐயா. மேடை பற்றிக் கேட்காதீர்கள்" என்றார். கேட்கவில்லை.

அன்றிரவு பேத்தி தன் நாட்டியக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பேர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். நாங்கள் சொல்லச்சொல்ல, கௌரி அம்மாள், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிளியோ நோர்தி என்ற பேர்களையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். திண்ணையில் தாளம் போட்ட அந்த முதியவரின் கதையையும் கேட்டாள். எழுதுகோலைப் பிடித்தபடியே, "அந்தப் பாட்டி பேர் என்ன, தாத்தா?" என்றாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் தெரியவில்லை. அவள் சற்று நேரம் காத்திருந்து, அங்கே ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் குறிப்பேட்டை மூடினாள்.