பைனாகுலரும் கலங்கரை விளக்கமும்

கடற்கரைக்குப் புறப்பட்டால் நீங்கள் என்னென்ன எடுத்துப் போவீர்கள்? நான் பைனாகுலர், காமிரா, நீர் புகாத பை என்று ஒரு மூட்டையே கட்டினேன்! பழவேற்காட்டில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போனால், படகுக்காரர்களுக்கு வழி சொல்லும் சாமான் மடிக்குள் அடங்கிவிடுகிறது: பாலிதீன் பையில் சுற்றிய செல்போனும் ஒரு ஜி.பி.எஸ். கருவியும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் கவனித்து, மீன் கூடுமிடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் கரையைவிட்டு வெகுதூரம் போனால் போன் ஊமை! அப்புறம் கலங்கரை விளக்கம்தான். 1859-லேயே இங்கே விளக்கு ஏற்றிவிட்டார்கள்; இன்றைய கோபுரம் 1985-ல் எழுந்தது.

அந்தி சாய்ந்தது. "போன் கெடைக்கலேன்னா வயித்தைக் கலக்கும்மா. வெளக்கு சுத்தறப்போ, எங்க வூட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துட்டிருப்பாருன்னு நெனைச்சுக்குவேன்" என்றாள் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

என் பைனாகுலரை வாங்கிக் கடலைப் பார்த்தாள். படகு தெரியவில்லை போலும். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.