அளவறிந்த கதிர்

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஒன்றுதான். ஆனால் பாத்திக்குப் பாத்தி உப்புப் பூக்கும் பருவம் வேறு. சிறுவர் மூளைக்கட்டிக்கான கதிர்ச் சிகிச்சையிலும் அத்தகைய பருவபேதம் உண்டென்று படித்து வியந்தேன்.

சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டியை அகற்றியபின், மூளை முழுவதற்கும் தண்டுவடத்திற்கும் கதிர் பாய்ச்சுவர். இடர் குறைந்த பிள்ளைக்கு 23.4 கிரே, மிகுந்த பிள்ளைக்கு 36 கிரே. உயிர் காக்கும் அக்கதிரே பிஞ்சின் அறிவையும் வளர்ச்சியையும் குன்றச் செய்யக்கூடும். என்னே கொடுமை!

எளிதில் குணமாகும் ‘டபிள்யூஎன்டி’ வகையினருக்குக் கட்டியிருந்த இடத்தில் மட்டும் கதிர் தந்து பார்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. சிலருக்குப் பிற பகுதிகளில் நோய் மீண்டதால் அவ்வாய்வு நிறுத்தப்பட்டதை 2022-இல் வெளிப்படையாக அறிவித்தனர். அடுத்த ஆய்வுக்கு முழுப் பகுதிக்கும் 18 கிரே எனத் திட்டமிட்டனர்.

நண்பர்களே, குறைப்பது கருணை. எதுவரை குறைக்கலாம் என்று அளந்தறிவதே அறிவியல். கருணைக்கும் அளவுகோல் வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.