தலையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

டெலிகாஸ்டர் மாதிரியில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கிட் வாங்கினேன். பெட்டிக்குள் முக்கால்வாசி வேலை முடிந்தே வந்திருந்தது. பாஸ்வுட் உடலை வளைவு பிசகாமல் அறுத்து, பிக்கப் உட்காரக் குழியும் எடுத்திருந்தார்கள். மேப்பிள் கழுத்தில் ஃப்ரெட் அடித்தாகிவிட்டது. நாலு ஸ்க்ரூ முடுக்கினால் கழுத்தும் உடலும் சேர்ந்துவிடும். கழுத்தின் நுனியான தலை மட்டும் ஆறு ஓட்டையோடு துடுப்பு போல வெறும் பலகையாக நின்றது.

லப்பம் பார்க்கவும் உப்புத்தாள் போடவும் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் உடலைக் கொண்டுபோனேன். அவர் கழுத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவும் மெஷின்ல வெட்டுனவன் இதை மட்டும் ஏன் சார் விட்டுட்டான்?”

நியாயமான கேள்வி. இத்தனை வளைவு அறுக்கிற மெஷினுக்கு இன்னும் ஒரு வளைவு பெரிய காரியமில்லை. காரணத்தைத் தேடப் போனால் அது என்னைக் கோர்ட்டு வழக்குகளில் கொண்டுபோய் விட்டது.

ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகிய மூன்றின் உடல் வடிவமும் தன் வர்த்தக முத்திரை என்று பதியக் கேட்டு ஃபெண்டர் நிறுவனம் 2003-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. மற்ற கிட்டார் தயாரிப்பாளர்கள் கூட்டாக எதிர்த்தார்கள். 2009-ல் முத்திரை மேல்முறையீட்டு வாரியம் முடியாது என்று சொல்லிவிட்டது. பல்லாண்டுகளாக ஆளாளுக்கு அதே வடிவத்தில் செய்து விற்றுக்கொண்டிருந்தபோது ஃபெண்டர் சும்மா இருந்துவிட்டது. இப்போது அந்த வடிவத்தைப் பார்ப்பவர்களுக்கு ‘கிட்டார்’ என்றுதான் தோன்றும், ‘ஃபெண்டர்’ என்று தோன்றாது. அகராதியில் எலெக்ட்ரிக் கிட்டார் என்பதற்குப் போட்டிருந்த படமே ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவம்தான் என்பதை வாரியம் எடுத்துக்காட்டியது. அகராதிப் படம் ஒரு கம்பெனிக்கு எதிரான சாட்சியானதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தலை விஷயத்தில் மட்டும் அந்த அசட்டை இல்லை. ஃபெண்டர் தலை வடிவம் பதிவு பெற்ற முத்திரை. மாற்றுக் கழுத்து செய்கிற வார்மத் போன்ற நிறுவனங்கள் உரிமம் வாங்கித்தான் அதே தலையை வெட்டுகின்றன. இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்சனும் தன் தலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1977-ல் அதன் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனி மீது வழக்குப் போட்டது. விரித்த புத்தகம் போன்ற தலை உச்சியைக் காப்பியடித்தார்கள் என்பதுதான் புகார். வழக்கு மறு வருடம் சமரசத்தில் முடிந்தது. ஆக, அமெரிக்காவில் டெலிகாஸ்டர் உடல் ஊர்ப் பொது, தலை தனிச் சொத்து. கிட் செய்கிறவன் தலையைத் தொடாததற்கு இதுதான் காரணம்.

சரி, அந்தத் தலை முதலில் யாருடையது?

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950-ல் அவர் விட்ட கிட்டாரில் தந்தி முறுக்கும் ஆறு டியூனரும் ஒரே பக்கம். கழுத்தும் தலையும் சேரும் இடத்திலுள்ள நட்டைத் தாண்டித் தந்தி வளையாமல் நேராகப் போகும். இழுத்து மீட்டினாலும் தந்தி நட்டில் சிக்கிச் சுருதி கலையாது. கிப்சன் தலையில் மூன்றும் மூன்றுமாகப் பிரிவதால் நடுத் தந்திகள் ஒதுங்கித்தான் போக வேண்டும். ஃபெண்டர் தலை பின்னால் சாயாததால் கழுத்துக்கு மெல்லிய பலகையே போதும். ரிப்பேர்க்காரர் மூளை!

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1948-ல், பால் பிக்ஸ்பி என்பவர் மெர்ல் டிராவிஸ் என்ற பாடகருக்கு இதே அமைப்பில் ஒரு கிட்டார் செய்து கொடுத்திருந்தார். படம் வரைந்து கொடுத்தவர் டிராவிஸ். அந்தக் கிட்டாரை லியோ இரவல் வாங்கிப் போனார் என்பது டிராவிஸ் கட்சி. குரோவேஷிய நாட்டுப்புறக் கருவிகளைப் பார்த்துச் செய்தேன் என்பது லியோ கட்சி. இருவருக்கும் நூறு வருடத்துக்கு மேல் முன்னால், வியன்னாவில் யோஹான் கியோர்க் ஷ்டாவ்ஃபர் ஒரே பக்க டியூனர் கிட்டார் செய்திருக்கிறார். அவர் பட்டறையில் வேலை பழகிய மார்ட்டின் என்பவர் 1833-ல் நியூயார்க் வந்து செய்த ஆரம்பக் கிட்டார்களிலும் அந்தத் தலைதான். ‘என்னுடையது’ என்று பதிந்தவர் தலையிலும் இரவல் இருக்கிறது என்பது என் கருத்து.

தலையில் எழுதிய பெயருக்கும் வில்லங்கம் வந்தது. முதலில் வைத்த பெயர் பிராட்காஸ்டர். அதே உச்சரிப்பில் எங்களிடம் டிரம்ஸ் இருக்கிறது என்று கிரெட்ஷ் கம்பெனி 1951-ல் ஆட்சேபித்தது. டெலிகாஸ்டர் என்ற புதுப் பெயர் வரும்வரை, கைவசம் இருந்த ஸ்டிக்கரில் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்து ‘ஃபெண்டர்’ என்பதை ஒட்டி அனுப்பினார்கள். பெயரில்லாத அந்தக் கிட்டார்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் யானை விலை.

என் தலையை நானே வரைந்தேன். அட்டையில் வெட்டிப் பலகைமேல் வைத்து, நட்டிலிருந்து ஒவ்வோர் ஓட்டைக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். டியூனர் பக்கத்தில் மரத்தை அகலமாக விட்டால் டியூனரின் காது விளிம்பில் முட்டும், விரல் போகாது. அறுத்தது ஆசாரி; அரம் போட்டது நான். பிறகு உடலுக்கும் தலைக்கும் சேர்த்து என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர், அதன்மேல் லாக்கர். 1920-களில் கார்களுக்கு வந்த பெயின்ட்டும் இந்தச் சாதிதான். ஃபெண்டரின் பழைய ஃபியஸ்டா ரெட் நிறமே ஃபோர்டு கார் நிறம். லாக்கர் காய்ந்ததா என்று மூக்கால்தான் பார்க்க வேண்டும். தின்னர் வாசம் அடிக்கிறவரை பாலிஷ் போடக் கூடாது.

கிட் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபெண்டர், கிப்சன் என்று எழுதிய ஸ்டிக்கர்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒட்டாதீர்கள். ஒட்டிய கிட்டார் நாளை கைமாறி விற்பனைக்குப் போனால் அதற்குப் பெயர் போலி. உங்கள் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.